இரண்டாவது ஒயர்

பூபாலன் கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் போகப் போக அவன்மேல் கோபம் வரும். குடி கிடையாது, சீட்டு கிடையாது. செங்கல்பட்டு அட்டை மில்லில் டர்பைன் ஆபரேட்டராகப் பதினொரு வருஷம், ஒரு நாள் லேட்டாகப் போனதில்லை. கொளவாய் ஏரிப் பக்கம் வீடு. அதே வரிசையில் நான்காவது வீடு மோசஸுடையது, அவனும் டர்பைன் ஆபரேட்டர்தான். பூபாலனின் மனைவி சந்திரம்மா மோசஸை வாய் நிறைய அண்ணா என்று கூப்பிடுவாள். அந்தக் கணக்கில் மோசஸ் பூபாலனுக்கு மச்சான். மோசஸின் மனைவி பிரிசில்லா பூபாலனுக்குத் தங்கச்சி முறை. இவர்கள் வீட்டுப் பொங்கல் அங்கே போகும், அவர்கள் வீட்டு கிறிஸ்துமஸ் கேக் இங்கே வரும்.

டர்பைன் என்றதும் மலைத்துப்போக வேண்டாம். பாய்லரிலிருந்து வருகிற நீராவியில் சுற்றும் ஓர் இரும்பு உருளை, அவ்வளவுதான். அது சுற்றினால் மின்சாரம், மின்சாரம் இருந்தால் மில் ஓடும். நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுற்று. அதற்குமேல் எகிறினால் உருளை தன்னைத்தானே பிய்த்துக்கொண்டு கிளம்பிவிடும். அப்படி ஆகாமல் காக்க, பேனலுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை எலக்ட்ரானிக் அட்டை இருந்தது, மெஷினோடு கப்பலில் வந்தது. ட்ரிப் கார்டு என்பார்கள். வேகம் மிஞ்சினால், எண்ணெய் அழுத்தம் குறைந்தால், கண்மூடித் திறப்பதற்குள் அந்தக் கார்டு நீராவி வால்வை மூடிவிடும். இது தவிர மெஷினுக்குள்ளேயே ஒரு போல்ட் உண்டு, வேகம் மிஞ்சினால் தானே தெறித்து வால்வைத் தள்ள வேண்டியது. அதை வருஷக்கணக்காக யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. துருப்பிடித்துச் செத்துக் கிடந்தது என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

தொண்ணூற்றேழாம் வருஷ மழைக்குப் பிறகு அந்தக் கார்டுக்குப் பித்துப் பிடித்தது. காற்றில் கொஞ்சம் ஈரம் ஏறினால் போதும், ஒன்றுமே இல்லாததற்கு டர்பைனை நிறுத்தும். ஒரு தடவை நின்றால் மறுபடி கிளப்ப முக்கால் மணி நேரம். அதுவரைக்கும் மெஷினில் ஈர அட்டை அறுந்து தொங்கும், மானேஜர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். புதுக் கார்டு வர ஆறு மாதம் ஆகும் என்றார்கள். ஆறு மாதம் இரண்டு தடவை வந்து போனது, கார்டு வரவில்லை.

எஞ்சினியர் கிருஷ்ணபிரசாத் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு சாண் நீளத்தில் ஒரு சிவப்பு ஒயர். கார்டின் ஒன்பதாவது திருகுக்கும் பதினொன்றாவது திருகுக்கும் நடுவில் அதை மாட்டிவிட்டால், அப்புறம் கார்டு எவ்வளவு கத்தினாலும் வால்வு கேட்காது. கிளப்பும்போது மாட்டு, ஓட்டம் நிலைத்ததும் கழற்று.

"ஆனா ஒண்ணுப்பா, இது லாக் புக்ல ஏறக் கூடாது," என்றார் அவர். "இன்சூரன்ஸ்காரன் கண்ணுல பட்டா எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

புத்தகத்தில் எழுத முடியாது. வாயால் சொல்லவும் முடியாது, டர்பைன் கூடத்தில் பக்கத்தில் நிற்பவன் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லாம் கை ஜாடைதான். ஆகவே ஆபரேட்டர்கள் மூன்று பேரும், பூபாலன், மோசஸ், வரதன், தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். ஷிப்ட் மாறும்போது ஒயரைக் கையில் தூக்கிக் காட்டி, அடுத்தவன் கையில் கொடுக்க வேண்டும். ஒயர் கையில் இருந்தால் கார்டு காவலில் இருக்கிறது. கை காலியாக இருந்தால் ஒயர் உள்ளே மாட்டியிருக்கிறது. மில்லுக்கே ஒரே ஒயர்தான், அதனால் குழப்பமே வராது. எழுதி ஒட்டிய எந்த விதியும் அந்த மில்லில் இவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.

தொண்ணூற்றெட்டு நவம்பரில் ஒரு சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கிளீனிங் என்று மதியமே மெஷினை நிறுத்திவிட்டார்கள். கடைசி ஆள் பூபாலன். ஒயரைக் கொடுக்க ஆளில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிப்டுக்கு வேறு சட்டையில் போனான். பாய்லரில் நீராவி தயார். ஒயர் இல்லை. பையைத் தடவினான், டிராயரைக் குடைந்தான், ம்ஹூம். அடை மழை நாள், ஒயர் இல்லாமல் அந்தக் கார்டு கிளப்பவே விடாது. கிருஷ்ணபிரசாத் போனில் கத்துகிறார். வீட்டுக்குப் போய் எடுத்துவர ஒரு மணி நேரம் ஆகும். ஸ்டோரில் அதே சிவப்பு ஒயர் சுருள் கிடந்தது. ஒரு சாண் வெட்டி, இரண்டு முனையிலும் திருகில் மாட்டுகிற கவட்டைக் காதை வைத்துக் கட்டிங் பிளேயரால் நசுக்கி மாட்டிவிட்டான். டர்பைன் கிளம்பியது.

வெட்டினான், சரி. பத்து நிமிஷத்தில் கழற்றியிருக்க வேண்டாமா? அன்றைக்கு மழை விடவில்லை. கழற்றினால் கார்டு மறுபடி நிறுத்தும், மறுபடி முக்கால் மணி நேரப் பேஜார். மழை விடட்டும், பாய்லர் நிலைக்கட்டும், டீ குடித்துவிட்டுக் கழற்றலாம் என்று மதியம் இரண்டு மணி வரை தள்ளிக்கொண்டே போனான். இப்படித் தள்ளாதவன் யார் என்று கேட்டால், மோசஸ் தள்ளமாட்டான்.

அதே காலையில் வீட்டில் சந்திரம்மா துணி துவைக்க உட்கார்ந்தாள். சனிக்கிழமைச் சட்டையின் பையில் ஒயர். பேருக்குத்தான் ஒயர், புருஷன் அதைக் கண்ணுக்குக் கண்ணாக வைத்துக்கொள்வது அவளுக்குத் தெரியும். திட்டு வாங்கப் போகிறானே என்று பதறிவிட்டாள். ஒன்றேகால் மணிக்கு மோசஸ் இரண்டு மணி ஷிப்டுக்குச் சைக்கிளை எடுத்தபோது ஓடிப்போய் நிறுத்தினாள்.

"அண்ணா, இத்த அவுரு சட்டையிலயே வுட்டுட்டு போயிட்டாரு. கொஞ்சம் குட்துடு."

"இது இல்லாம எப்டி ஓட்டிகினு கீறான்?" என்று சிரித்துக்கொண்டே மோசஸ் வாங்கிப் பையில் போட்டான். அவன் நினைப்பில் என்ன தப்பு? மில்லுக்கே ஒரே ஒயர். அது தன் பையில் இருக்கிறது. அப்படியானால் கார்டு சுத்தமாகக் காவலில் இருக்கிறது.

பூபாலன் எண்ணெய்த் தொட்டியின் அளவு பார்க்கக் கீழே இறங்கியிருந்தான். ஏறி வந்தபோது மோசஸ் பேனலின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், கையில் சிவப்பு ஒயர். அதைத் தூக்கி ஆட்டிக் காட்டினான். பூபாலன் என்ன நினைத்தான்? வந்ததும் வராததுமாக மச்சானே பேனலின் பின்கதவைத் திறந்து கழற்றிவிட்டான், அதுதான் அவன் குணம். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வெளியே வந்தான். ஒரு நொடி கூட ஆகவில்லை. இரண்டு பேரும் விதிப்படிதான் நடந்துகொண்டார்கள்.

மூன்றேகால் மணிக்கு வீட்டில் தட்டில் சோறு போட்டுக்கொண்டே சந்திரம்மா கேட்டாள்.

"இன்னாய்யா, மோசஸ் அண்ணா ஒயர குட்தாரா?"

"எந்த ஒயரு?"

"உன் சட்டையில இருந்துச்சே. அண்ணா போசொல்ல நான்தான் குட்தனுப்புனேன்."

மச்சான் காட்டியது பழைய ஒயர். புது ஒயர் இன்னும் உள்ளே இருக்கிறது. பூபாலனுக்குப் புரிந்துவிட்டது, முழுசாகப் புரிந்துவிட்டது. அந்தத் தெருவில் யார் வீட்டிலும் போன் கிடையாது. அப்படியே எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. எட்டு மணி நேரம் அப்படியே ஓடியது, இன்னும் அரை மணி ஓடாதா என்று ஒரு நினைப்பு. சாப்பிட்டு முடித்தான். மோர் ஊற்றிக்கூடச் சாப்பிட்டான். பிற்பாடு அவன் யாரிடம் எதைச் சொன்னாலும் அந்த மோர்ச் சோற்றைப் பற்றி மட்டும் மூச்சு விட்டதில்லை.

சைக்கிளை மிதித்துப் போனால் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. வண்டி போனபிறகும் கேட்டைத் திறக்கவில்லை. அப்போதுதான் மில் இருக்கும் பாலாற்றுப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் ஊளை மாதிரி எழும்பி, மேலே மேலே போய், சட்டென்று அறுந்தது. கேட்டில் நின்றவர்கள் பாறைக்கு வெடி வைக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

அட்டை மெஷினின் பெரிய மோட்டார் ஒன்று நின்று, பாரம் திடீரென்று விட்டுப்போய், டர்பைன் எகிறியிருக்கிறது. கார்டு தன் வேலையைச் சரியாகச் செய்தது, மூடு மூடு என்று சொன்னது. குறுக்கே ஒயர். வரதன் அன்று ஓவர்டைமில் பாய்லர் பக்கம் இருந்தான், அவன் பார்த்திருக்கிறான். எல்லாரும் வெளியே ஓடும்போது மோசஸ் உள்ளே ஓடினான், நீராவி வால்வைக் கையால் சுற்றி மூட. முக்கால்வாசி மூடிவிட்டான். அதனால்தான் பாய்லர் வீடு தப்பியது, பதினாறு பேர் தப்பினார்கள். அவன் தப்பவில்லை.

அடக்கம் முடிந்து வந்த இரவு சந்திரம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது ஒயரைப் பற்றிப் பூபாலன் அவளிடம் சொல்லியிருந்தான், அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"என் கையால குட்தேன்," என்றாள். "அது கையில இல்லன்னா அண்ணா உள்ள பாத்துருக்கும்."

"உன் மேல இன்னா தப்பு? நீ ஒயர குட்த, அவ்ளோதான்."

"அப்ப உன் மேலதான் தப்பு," என்றாள் அவள், கோபமில்லாமல். "போயி சொல்லிடு. ரெண்டாவது ஒயரு நீ செஞ்சதுன்னு சொல்லிடு. நான் குட்தனுப்புனதையும் சொல்லு. வேல போனா போவுது. பிரிசில்லா மூஞ்ச நான் எப்டி பாப்பேன்?"

சொல்கிறேன் என்றான். சத்தியமாகத்தான் சொன்னான், அப்போது அவனுக்கு அந்த எண்ணம் இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சந்திரம்மா பிரிசில்லாவின் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பிரிசில்லா அழவில்லை. இவ்வளவுதான் சொன்னாள்.

"நான் போயி சொன்னா வேலைக்காவ கத கட்றான்னு சொல்லுவாங்க அண்ணி. செஞ்சவரு வாயால வரணும். அண்ணா சொல்லுவாரா?"

"சொல்லுவாரு," என்றாள் சந்திரம்மா.

விஷயம் இதுதான். வேலையில் செத்தவனின் மனைவிக்கு மில்லில் வேலை கொடுப்பது அங்கே வழக்கம். பேக்கிங்கில், கேன்டீனில், எங்கேயாவது ஒரு நிரந்தர வேலை. ஆனால் செத்தவன் தன் தவறால் செத்தான் என்று விசாரணையில் முடிவானால் வேலை கிடையாது. கார்டில் ஒரு ஒயர் கிடைத்திருக்கிறது, மோசஸின் பையில் ஒரு ஒயர் கிடைத்திருக்கிறது. மோசஸே இரண்டு ஒயர் செய்து வைத்துக்கொண்டு விளையாடினான் என்று மில்லில் பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். யார் கிளப்பியது என்று சொல்லவும் வேண்டுமா?

விசாரணைக்கு முதல் நாள் கிருஷ்ணபிரசாத் பூபாலனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திருக்கழுக்குன்றத்தில் நல்ல குடும்பம், மனுஷரும் கெட்டவர் இல்லை, ஆனால் ஒரு மாதமாக அவருக்குத் தூக்கமில்லை.

"நான் ஒயர் வைக்கச் சொன்னேன்னு நீ சொன்னா நான் உள்ள போவேன்," என்றார். "நீ மாட்டினேன்னு சொன்னா நீயும் உள்ள போவ. மோசஸ் திரும்பி வரமாட்டான் பூபாலா. எனக்கு எதுவும் தெரியாதுன்னு மட்டும் சொல்லு, போதும்."

விசாரணை மில் கெஸ்ட் ஹவுசில் நடந்தது. விசாரித்தவர் உப்பிலி, ஓய்வு பெற்ற நீதிபதி, எழுபது வயது. நிர்வாகம் அமர்த்திய ஆள்தான் என்றாலும் நிர்வாகத்தின் பேச்சுக்கு ஆடுகிறவர் இல்லை. வெளி வராந்தா பெஞ்சில் பிரிசில்லா வெள்ளைப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். பூபாலன் அவளைத் தாண்டித்தான் உள்ளே போனான். அவள் எழுந்து நின்று கும்பிட்டாள்.

உப்பிலி மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தார். உள்ளே இரண்டு சிவப்பு ஒயர்கள். ஒன்று லேசாகக் கருகியிருந்தது. அதன் காது பிளேயரால் நசுக்கியதில் கோணலாக இருந்தது. தன் கைவேலையை யாருக்குத்தான் தெரியாது?

"இந்த மில்லுல எத்தனை ஒயர் இருந்தது?"

"தெரியாது சார்."

"நீங்க ஷிப்டை விட்டுப் போறச்சே கார்டுல ஒயர் மாட்டியிருந்ததா?"

"இல்ல சார்."

"இதுல எதாவது நீங்க பண்ணினதா? பதட்டப்படாம நன்னா பார்த்துச் சொல்லுங்கோ."

பூபாலன் பார்த்தான். பையை ஒரு தடவை திருப்பி வைத்தான். பெரியவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"இதோ பாருங்கோ. நான் இப்ப எழுதிக்கலை. வெளியில ஒரு பொம்மனாட்டி உக்காந்துண்டிருக்கா. எதாவது சொல்லணும்னு இருந்தா இப்ப சொல்லுங்கோ. உங்களுக்கு என்ன பண்ணமுடியுமோ அதை நான் பார்க்கிறேன்."

இதைவிட ஒரு மனுஷன் எப்படிக் கதவைத் திறந்து வைக்க முடியும்? பூபாலனுக்கு வாய் திறந்தால் போதும். ஜெயில், போலீஸ், தெருவில் சனம் பேசப்போகிற பேச்சு, எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் வந்து நின்றது. பயம். வேறு எந்தக் காரணமும் இல்லை, அதற்கு அலங்காரம் பண்ண வேண்டாம்.

"என்து இல்ல சார்," என்றான். "மோசஸ்தான் எப்பவும் ஒயரு வெச்சிகினு இருப்பான்."

கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. அவனாகச் சேர்த்துக்கொண்டான். பெரியவர் பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது பிரிசில்லா எதிரில் வந்தாள்.

"உள்ளத சொல்லிட்டியா அண்ணா?"

"சொல்லிட்டேம்மா," என்றான். வாய் தானாகச் சொன்னது. அவள் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் சந்திரம்மா கேட்டாள், அவளிடமும் அதையே சொன்னான்.

இரண்டு மாதம் கழித்து மில்லிலிருந்து பிரிசில்லாவுக்குக் கடிதம் வந்தது. இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்பதால் வாரிசு வேலைக்கு வழியில்லை, நான்கு வரி. சட்டப்படி தரவேண்டியதைத் தந்துவிட்டுக் கை கழுவினார்கள். இரண்டு பெண்களும் கூடி உட்கார்ந்து அந்தக் கடிதத்தை ஒரு மாதிரியாகப் புரிந்துகொண்டார்கள்: பூபாலன் உள்ளதைச் சொன்னான், சொன்னால் எஞ்சினியர் மாட்டுவார், அதனால் மில் அதை அமுக்கிவிட்டது, அமுக்கியதால்தான் பூபாலனையும் தொட முடியவில்லை. கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. பூபாலன் மறுத்துப் பேசவில்லை. மென்று விழுங்கினான்.

சந்திரம்மா அதன்பிறகு அந்த வீட்டைத் தன் வீடாகப் பார்த்துக்கொண்டாள். மழைக்காலத்தில் பிரிசில்லாவின் மகளுக்குக் காய்ச்சல் என்றால் இவள்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வாடகை கட்ட முடியாமல் பிரிசில்லா மாமல்லபுரத்துக்குப் போய்க் கடற்கரை ஓட்டல் ஒன்றின் சலவையில் சேர்ந்தபோது, சாமான் ஏற்றிய வண்டியோடு கூடவே போனாள். ஒவ்வொரு மாதமும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். "நீயும் வாய்யா" என்பாள். பூபாலனுக்கு எப்போதும் ஷிப்ட் இருந்தது.

இரண்டாயிரத்து இரண்டில் மில்லை மூடினார்கள். டர்பைன் பழைய இரும்புக்குப் போனது. கிருஷ்ணபிரசாத் அதற்கு முன்பே வடநாட்டுப் பக்கம் போய்விட்டார், உப்பிலி காலமாகிவிட்டார். பூபாலனுக்குத் திருப்போரூரைத் தாண்டி ஒரு பிளாட் போட்ட இடத்தில் வாட்ச்மேன் வேலை. பகலெல்லாம் தனியாக ஒரு ஷெட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். சுண்ணாம்பு அடித்த கல், அதில் நம்பர், கல்லுக்குக் கல் கொடி. பேச ஆளில்லை. ஷிப்ட், போனஸ், யூனியன் என்று நான்கு வருஷம் தள்ளி வைத்ததெல்லாம் அந்த ஷெட்டுக்குள் வந்து அவனோடு உட்கார்ந்துகொண்டது. ஒரு வருஷம் தாக்குப்பிடித்தான். அப்புறம் முடியவில்லை. இனிமேல் ஒளிக்க என்ன இருக்கிறது, போய்ச் சொல்லிவிடுவோம், காலில் விழுவோம், அவள் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று முடிவு பண்ணினான்.

ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு மாமல்லபுரம் பஸ் ஏறினான். ஓட்டலின் பின்பக்கம், சவுக்குத் தோப்பை ஒட்டிக் கொடிக் கயிறுகள். கடல் காற்றில் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. பிரிசில்லா அவனைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். இளைத்திருந்தாள், சலவைச் சோடாவில் விரலெல்லாம் வெடித்திருந்தது.

"வா அண்ணா. அண்ணி வரல? நாஸ்தா துன்னியா? இரு, டீ சொல்றேன்." அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டாள். "லோகநாயகி, நான் சொல்லுவேனே, எங்க பூபாலன் அண்ணா. இவரு மட்டும்தான் உள்ள போயி உள்ளத சொன்னவரு."

லோகநாயகி கும்பிட்டாள். பூபாலன் திரும்பிக் கும்பிட்டான். அந்த நிமிஷம் பஸ் ஏறி ஓடிவிட்டிருக்கலாம். ஆனால் ஐந்து வருஷமாக நெஞ்சில் கட்டி வைத்ததை அவிழ்க்கத்தான் வந்திருக்கிறான். அவிழ்த்தால் தனக்குப் பாரம் குறையும் என்ற நினைப்பு அவனைத் தள்ளியது. அந்தப் பெண் நகர்ந்ததும் சொன்னான்.

"நான் சொல்லலம்மா."

"இன்னா?"

"அன்னிக்கி உள்ள போயி எதுவும் சொல்லல. ஒயரு என்து இல்லன்னு சொல்லிட்டேன். மோசஸ்தான் வெச்சிகினு இருப்பான்னு சொன்னேன். பயந்துட்டேன். அந்தப் பெரியவரு எவ்ளோ கேட்டாரு. என் வாயி வரல."

பிரிசில்லா கையிலிருந்த விரிப்பை மடித்தாள். பாதி மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். டீ வந்தது, கண்ணாடித் தம்ளரைச் சுவரின்மேல் வைத்துவிட்டுப் போனான் டீக்கடைக்காரன்.

"மோசஸ்தான் வெச்சிகினு இருப்பான்னு," என்றாள்.

"ஆமாம்மா."

"அத்த யாராச்சும் கேட்டாங்களா உன்ன?"

பூபாலன் சுவரின்மேல் இருந்த டீயைப் பார்த்தான்.

"மில்லு மூடி எத்தினி நாளாச்சு?"

"ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு."

"அதான் வந்துகீற," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "வேல இருந்தவரைக்கும் வரல. இப்ப சொன்னா உனக்கும் ஒன்னும் போவாது, எனக்கும் ஒன்னும் வராது."

பூபாலன் குனிந்து அவள் காலைத் தொடப்போனான். அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"எழுந்திரு. எல்லாரும் பாக்குறாங்க." மடித்த விரிப்பைக் கட்டின்மேல் வைத்தாள். "ஊரே அவுரு மேல தப்புன்னு சொல்லிச்சு. சர்ச்சுல கூட சொன்னாங்க. எம் பொண்ணு வந்து அழுவும். நான் அதுங்கிட்ட சொல்லுவேன், ஒரு மனுசன் தன் வேலய பத்தி கவலப்படாம உள்ள போயி உங்கப்பா மேல தப்பில்லன்னு சொன்னாரு, அது போதும்னு. அத்த புட்ச்சிகினுதான் இத்தினி நாளு ஓட்டுனோம். அத்தயும் எட்துகினு போவ வந்தியா?"

இப்படி ஒன்று இருக்கும் என்று அந்த மடையன் யோசிக்கவே இல்லை. தன் பாரத்தை இறக்கி வைக்க இடம் தேடி வந்தான், இறக்கி வைத்த இடத்தில் அவளுடைய கடைசிச் சாமான் இருந்தது, நசுங்கிப்போனது.

"அண்ணிக்கு தெரியுமா?" என்று கேட்டாள் பிரிசில்லா.

"தெரியாது."

"சொல்லாத."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நீ சொல்லிட்டன்னு நம்பிதான் அவங்க என் வூட்டு வாசப்படி ஏறுனாங்க. இல்லன்னா அன்னிக்கே ஏரில வுழுந்திருப்பாங்க. அவங்களாச்சும் நல்லா இருக்கட்டும். நீ வெச்சிகினு இரு, உன்னாண்டயே இருக்கட்டும்." விரிப்புக் கட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "இனிமே இங்க வராத அண்ணா."

அந்த நேரத்திலும் அவள் அண்ணா என்றுதான் சொன்னாள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. உள்ளே போய்விட்டாள். டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. அதற்கு என்ன விலை என்று கேட்டுக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்.

செங்கல்பட்டு வந்து சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். சந்திரம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கழித்துப் புருஷன் தானாகக் கிளம்பிப் பிரிசில்லாவைப் பார்க்கப் போனதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

"எப்டி கீறா? இன்னா சொன்னா?"

"நல்லா கீறா," என்றான் பூபாலன். "உன்ன கேட்டா."

"உன்ன பாத்ததும் அழுதுருப்பாளே. எப்பவும் உன் பேச்சுதான் அவளுக்கு. அடுத்த மாசம் ரெண்டு பேரும் சேந்து போவலாம்யா. நீ கூட வந்தா அவளுக்கு ஒரு தெம்பா இருக்கும்."

"போவலாம்," என்றான்.